வீட்டில் கட்டிய ஆஃப்ரோடு வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

குழாயை வளைத்து, வெல்டிங் அடித்து, பழைய பைக்கிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்த எஞ்சினைப் பின்னால் உட்கார வைத்து ஒரு வண்டியை நாமே கட்டி எழுப்புவது லேசான வேலை இல்லை. அப்படிக் கட்டிய வண்டி, காலையில் செல்ஃபை அழுத்தினால் பிடிக்காமல் பேட்டரி இறங்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தால் மனசு விட்டுப்போகும். அந்த நேரத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: முதலில் புது பிளக், அப்புறம் புது காயில், அப்புறம் புது கார்புரேட்டர். செலவு ஏறிக்கொண்டே போகும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே எஞ்சின் அதன் பழைய வண்டியில் ஒழுங்காகத்தானே ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது? மாறியது எஞ்சினைச் சுற்றி நாம் செய்த வேலைதான். டேங்க் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, பேட்டரி இரண்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, வயரிங் முழுக்க நம் கையால் இழுத்தது, எஞ்சினே கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அதனால் தேடலை நம் கை பட்ட இடங்களிலிருந்து தொடங்குவதுதான் சரி. எஞ்சினைப் பிரிப்பது கடைசி வேலை.

தேவையானவை அதிகம் இல்லை. ஒரு மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளிகளை அளக்கும் தகடுகள்), ஊசி இல்லாத சின்ன சிரிஞ்ச், ஒரு கண்ணாடி பாட்டில். சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

தொடங்குமுன் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (எஞ்சின் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச்) உள்ள வண்டி என்றால் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டர் கொஞ்சம் திறந்த நிலையில் எஞ்சின் பிடித்தால் வண்டி பாய்ந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 1: எப்போது அடம்பிடிக்கிறது?

எதையும் கழற்றுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டுமா? நன்றாக ஓடிய பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடும்போதா? ஒரு வாரம் சும்மா நின்ற பிறகா? மேடு பள்ளத்தில் சாய்ந்து வந்த பிறகா? தண்ணீரில் இறங்கிய பிறகா? இந்த ஒரு கேள்விக்கான பதிலே பாதி வேலையை முடித்துவிடும். குளிரில் மட்டும் என்றால் சோக், ஸ்லோ ஜெட் (கார்புரேட்டரில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை), டேப்பெட் (வால்வு இடைவெளி), பேட்டரி. சூட்டில் மட்டும் என்றால் பெட்ரோல் டியூப் போகும் பாதை, பிக்கப் காயில் (பொறி விழ வேண்டிய நேரத்தை உணர்ந்து சொல்லும் சின்னக் காயில்), செல்ஃப் மோட்டார். நின்ற பிறகு மட்டும் என்றால் பெட்ரோல் பின்னால் இறங்கிவிடுகிறது, அல்லது கெட்டுப்போயிருக்கிறது.

இன்னொன்றையும் காது கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் அழுத்தும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா, இல்லை சுற்றுவதே முக்கி முனகித்தானா? முக்கி முனகினால் அடுத்த படி உங்களுக்கானது. வேகமாகச் சுற்றினால் மூன்றாவது படிக்குப் போகலாம்.

படி 2: மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, கேபிள், எர்த்

வீட்டில் கட்டிய வண்டிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சார்ஜ் ஏறி சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஆனால் ஓய்வில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரைப் பேட்டரியில் வைத்துக்கொண்டே செல்ஃபை அழுத்துங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் முழு சார்ஜ் ஏற்றித் திரும்பப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரி தேய்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இந்தச் சோதனையின்போது எஞ்சின் பிடிக்காமல் இருக்க, மேக்னெட் எஞ்சினில் (பேட்டரி இல்லாமல், சுழலும் காந்தத்திலிருந்தே பொறிக்குக் கரண்ட் எடுக்கும் எஞ்சின்) அதை அணைக்கும் கில் சுவிட்சைப் போட்டு வையுங்கள்; பேட்டரியில் ஓடும் இக்னிஷன் என்றால் காயிலுக்கோ, பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டிக்கோ போகும் சப்ளையைக் கழற்றுங்கள். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் சுற்ற வேண்டாம். நடுவே ஒரு நிமிடம் மோட்டார் ஆறட்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் வழியில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும், கருப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டிலும் வைத்துச் சுற்றுங்கள். கிளாம்ப்பில் வைக்கக் கூடாது, ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ சொலினாய்டிலோ (செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) டெர்மினலிலோ குறை. அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் உடம்பில் சுத்தமான ஓர் இடத்துக்கும் நடுவே இதேபோல அளங்கள். இங்கே 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வோல்ட்.

கேபிள் தடிமன் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 3 மீட்டர் ஓடுகிறது, செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றால், அந்த ஒரு கேபிளிலேயே ஏறக்குறைய அரை வோல்ட் போய்விடும். அதையே 35 சதுர மி.மீ. ஆக மாற்றினால் 0.23 வோல்ட்டுக்குள் அடங்கும். பாரத்தைச் சமன்படுத்த பேட்டரியை முன்னால் வைத்துவிட்டு, எஞ்சினுக்குப் பழைய கேபிளையே நீட்டிவிட்டவர்கள் இந்த இடத்தில் கவனிக்கவும்.

எர்த் விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். நான் கட்டிய பக்கி வண்டியில் எஞ்சின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருந்தது. பேட்டரி நெகட்டிவைச் சேஸியில் போட்டுவிட்டு எர்த் முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் நண்பன் செல்ஃபை அழுத்திக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிளைத் தற்செயலாகப் பிடித்தேன், கை சுட்டுவிட்டது. சேஸிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வேறு நல்ல வழி இல்லாததால், செல்ஃபுக்கான கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய கேபிள் உறை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அன்றே எஞ்சின் பிளாக்கிலிருந்து நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடித்த கேபிள் போட்டேன். அதே பேட்டரி, அதே செல்ஃப், எஞ்சின் சுற்றும் சத்தமே மாறிவிட்டது.

உங்கள் வண்டியிலும் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டோ பவுடர் கோட்டிங்கோ இருந்தால் சுரண்டுங்கள். பளபளப்பான இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள், பல் வாஷர் வைத்து இறுக்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சேஸிக்கு ஒரு கேபிள், எஞ்சினுக்கு ஒரு கேபிள் என்று இரண்டும் இருக்கட்டும்.

படி 3: பிளக்கில் கரண்ட் வருகிறதா?

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் படும்படி வைத்துச் சுற்றுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், அது பற்றிக்கொள்ளும். ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிட்டு, பிளக்கைத் தள்ளி வைப்பது பாதுகாப்பு. பிளக்கை எர்த் செய்யாமல் தொங்கவிட்டும் சுற்றாதீர்கள், காயிலும் சிடிஐயும் அடிபடும்.

நீலமும் வெள்ளையுமாகச் ‘சட் சட்’ என்று விழுந்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு விழுந்தால் சந்தேகம்தான். வெளிக்காற்றில் எட்டிக் குதிக்கும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் குதிக்காமல் போகலாம். அதனால் இடைவெளியை மாற்றக்கூடிய டெஸ்டர் கிடைத்தால் அதில் 6 மி.மீ. தாண்டுகிறதா பாருங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலான சின்ன எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் நுனியை 5 மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். தண்ணீரில் இறங்கும் வண்டிகளில் அந்த நுனி பச்சை பூத்துப் போயிருக்கும்.

கரண்ட் இல்லவே இல்லை என்றால் முதலில் கில் ஒயரைக் கழற்றுங்கள். மேக்னெட் எஞ்சின்களில் அந்த ஒயர் எர்த்தில் பட்டால் எஞ்சின் அணையும். நாம் இழுத்த ஒயர் ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கூண்டு) குழாயில் உரசி உறை தேய்ந்தால், சுவிட்சைத் தொடாமலே எஞ்சின் செத்துவிடும். கழற்றியதும் கரண்ட் வந்தால் காயில் நல்ல காயில்தான், ஒயரைத் தேடுங்கள். இந்தக் கில் ஒயரில் 12 வோல்ட் சப்ளையை மட்டும் தவறிக்கூடக் கொடுத்துவிடாதீர்கள், காயில் அத்தோடு போய்விடும்.

அடுத்து சொல்வது கார் சாவி சுவிட்ச் வைத்துக் கட்டிய வண்டிகளுக்கு. செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. சலித்துப்போய்ச் சாவியை விடும் அந்த நொடியில் ‘பக்’ என்று பிடிக்கும். இப்படி நடந்தால் வேறெங்கும் போகாதீர்கள். அந்தச் சுவிட்சில் சில டெர்மினல்கள் ஸ்டார்ட் நிலையில் கரண்ட்டை வெட்டிவிடும்; ரேடியோ, விளக்குக்காக வைத்தவை அவை. இக்னிஷன் காயிலை அந்த டெர்மினலில் மாட்டியிருந்தால், சுற்றும்போது காயிலுக்குச் சப்ளையே இருக்காது. செல்ஃப் சுற்றும்போது காயிலின் பாசிட்டிவில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்தால் உடனே தெரிந்துவிடும். ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருக்கும் டெர்மினலுக்கு மாற்றுங்கள். ஒரு ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

படி 4: பெட்ரோல் போய்ச் சேருகிறதா?

பத்து நொடி சுற்றிவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வருகிறது, அல்லது வந்தும் எரியவில்லை. காய்ந்திருக்கும் எஞ்சினில், சிரிஞ்சில் 2 மி.லி. பெட்ரோல் எடுத்துப் பிளக் ஓட்டையில் விட்டு, பிளக்கை மாட்டிச் சுற்றுங்கள். இரண்டு நொடி பிடித்து அணைந்தால் கரண்டும் கம்ப்ரஷனும் ஓரளவு சரி, பெட்ரோல் வழியில்தான் குறை. கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிச் சுற்றும் பழக்கம் வேண்டாம், திருப்பி அடித்தால் முகத்தில் தீ.

அப்புறம் கார்புரேட்டருக்கு வரும் டியூபைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் விடுங்கள். டேங்க் மேலே இருந்தால் தடையில்லாமல் ஒழுக வேண்டும். ஓரிரு நிமிடத்தில் ஒழுக்கு மெலிந்து, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி வேகம் எடுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. பாட்டிலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள்: அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், துரு படியும். நாமே வெல்டிங் அடித்துச் செய்த டேங்கில் துருவும் வெல்டிங் பொடியும் சாதாரணம், ஃபில்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது.

டேங்க் கார்புரேட்டரை விடத் தாழ்வாக இருந்தால் கதை வேறு. இந்த வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினின் காற்றழுத்தத் துடிப்பில் இயங்கும் வேக்கூம் பம்ப்பைத்தான் போடுவார்கள். வண்டி ஓரிரு நாள் நின்றால் டியூபில் இருக்கும் பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடும். மறுநாள் எஞ்சின் சும்மா சுற்றிச் சுற்றித்தான் அதைத் திரும்ப மேலே இழுக்க வேண்டும். சோதிப்பது சுலபம். ஒரு சின்ன பாட்டிலைக் கார்புரேட்டருக்கு மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைய விட்டபின் செல்ஃபை அழுத்துங்கள். உடனே பிடித்தால் காரணம் இதுதான். ஒருவழி வால்வு ஒன்றை வைக்கலாம், அல்லது படகு எஞ்சின்களில் இருக்கும் கையால் அமுக்கும் ரப்பர் பல்பை டியூபின் நடுவே வைக்கலாம். எனக்குப் பல்பு பிடிக்கும். நாலு அமுக்கு அமுக்கினால் கிண்ணம் நிறைந்துவிடும். எஞ்சினிலிருந்து பம்ப்புக்கு வரும் துடிப்பு டியூப் குட்டையாகவும் தடித்த சுவரோடும் இருக்க வேண்டும். அந்த டியூப் கிளம்பும் எஞ்சின் துளையை விட பம்ப் மேலே இருந்தால் டியூபில் எண்ணெய் தேங்காது.

கார்புரேட்டரின் சாய்வையும் பாருங்கள். செயின் வரிசைக்காக எஞ்சினை முன்னால் சாய்த்து மாட்டியிருப்போம், அதோடு கார்புரேட்டரும் சாயும். மிதவைக் கிண்ணத்தின் விளிம்பு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் மிதவை தப்பான உயரத்தில் ஊசியை மூடும். ஒன்று பட்டினி, இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ. சாய்வைத் திருத்தும் மேனிஃபோல்ட் ரப்பரை (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாய்) வைப்பதுதான் முறையான தீர்வு.

ஸ்லோ ஜெட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சோக் போட்டால் மட்டும் பிடித்து, சோக்கை எடுத்ததும் அணைகிறதா? ஸ்லோ ஜெட் அடைப்பு என்று முதலில் நினையுங்கள். அதன் துளை பல சின்ன எஞ்சின்களில் அரை மி.மீ.கூட இருக்காது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி அதில் ஒட்டிக்கொள்ளும். வார்னிஷ் வாடை வந்தால் அந்தப் பெட்ரோலை மொத்தமாக மாற்றுங்கள். ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றால் குத்தி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊதுங்கள். இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும், அது வேண்டாம்.

பிளக் நனைந்து எஞ்சின் பெட்ரோல் குடித்துவிட்டது என்றால், சோக்கை எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சுற்றுங்கள், காற்று போய்க் காயும்.

படி 5: சோக்கும் காற்றும்

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் சோக் என்று நாம் இழுப்பது காற்றை மறைக்கும் தகடு அல்ல; கூடுதல் பெட்ரோலுக்கான ஒரு தனி வழியைத் திறக்கும் பிளஞ்சர். ஆக்சிலேட்டர் முழுக்க மூடியிருந்தால்தான் அந்த வழியில் போதுமான இழுவை கிடைக்கும். பைக்கில் கைப்பிடி தானாக மூடிக்கொள்ளும். பெடல் வைத்த வண்டியில் நம் கால் பழக்கத்தில் பெடலை மிதிக்கும், அல்லது கேபிள் இழுவையாக இருந்து முழுக்க மூடவே விடாது. கேபிளில் 2, 3 மி.மீ. தளர்வு வைத்து, காலை எடுத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். நீட்டிய சோக் கேபிள் பிளஞ்சரை உண்மையிலேயே தூக்குகிறதா என்பதையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

மேனிஃபோல்ட் ரப்பர் வெடித்திருந்தால் கள்ளக்காற்று புகும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது அந்த இணைப்பில் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள். வேகம் மாறினால் ஓட்டை அங்கேதான். சேற்றில் போன வண்டி என்றால் ஏர் ஃபில்டரையும் புகைக்குழாய் வாயையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 6: கம்ப்ரஷன், டேப்பெட், டைமிங்

ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, கேஜ் மாட்டி, முள் ஏறி நிற்கும்வரை சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ இருக்கும். 100க்குக் கீழே என்றால் ஸ்டார்ட் செய்வது கஷ்டம். சின்ன எஞ்சின்களில் எளிதாகச் சுற்றுவதற்காக டீகம்ப்ரஷன் அமைப்பு இருக்கும். அவற்றில் எண் குறைவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். குறைந்தால் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்ப அளங்கள். எண் நன்றாக ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். முதலில் டேப்பெட் இடைவெளி. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் பதிந்து இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுக்க மூடாது. குளிர்ந்த எஞ்சினில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் வைத்து அளக்க வேண்டும். வீட்டு வண்டிகளில் அதிகம் போடும் ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினில் இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. உங்கள் எஞ்சினுக்கான அளவை அதன் மேனுவலில் பாருங்கள்.

கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, ஆனாலும் திருப்பி அடிக்கிறது என்றால் ஃபிளைவீல் சாவியை (ஃபிளைவீலை அச்சில் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சின்ன உலோகத் துண்டு) சந்தேகியுங்கள். அந்தச் சின்னச் சாவி நசுங்கினால் டைமிங் நகர்ந்துவிடும்.

சூட்டில் மட்டும் அடம்பிடித்தால்

கோளாறு இருக்கும்போதே, சூட்டோடு சூட்டாகச் சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். எஞ்சின் பிடிக்காத அந்த நேரத்தில் பிளக்கில் கரண்ட் பாருங்கள். இல்லையென்றால் பிக்கப் காயிலோ இக்னிஷன் காயிலோ சூட்டில் செத்துப்போகிறது. குளிர்ந்திருக்கும்போது பிக்கப் காயிலின் ஓம் அளவை எடுத்து, ஹேர் டிரையரால் சூடாக்கித் திரும்ப அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கொஞ்சம் ஏறுவது இயல்பு. திடீரென்று எங்கோ போய் நின்றால் உள்ளே ஒயர் விட்டிருக்கிறது. கரண்ட் இருந்தால் பெட்ரோல் டியூப் சைலன்சர் அருகே போகிறதா பாருங்கள். எஞ்சினை அணைத்ததும் அந்தச் சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். டியூபைத் தள்ளிப் போடுங்கள், நடுவே ஒரு தகடு வையுங்கள்.

இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால்

சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சாவியை இரண்டு மூன்று முறை போட்டு எடுத்தபின் உடனே பிடிக்கிறது என்றால் பிரஷர் பின்னால் இறங்குகிறது. பம்ப்பின் ஒருவழி வால்வு, அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். பல எஞ்சின்களில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில் (ஃபியூயல் ரெயில்) பிரஷர் 3 பார் அளவுக்கு இருக்க வேண்டும். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பொய் சொன்னால் எஞ்சின் சூடாக இருப்பதாக ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நினைத்துக் குளிரில் பெட்ரோலைக் குறைத்துவிடும். பொதுவான சென்சார்கள் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும்.

பைக் எஞ்சினை மாற்றி வைத்தவர்கள் சாய்வு சென்சாரை மறக்காதீர்கள். பைக் விழுந்தால் எஞ்சினை அணைப்பதற்கு இருப்பது அது. பைக்கில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் மாட்டாவிட்டால், வண்டி கவிழ்ந்து கிடப்பதாகவே ஈசியூ நினைக்கும். சைடு ஸ்டாண்டு, கிளட்ச், நியூட்ரல் சுவிட்சுகளின் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தால், அவற்றைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். அதிர்வில் விட்டுவிட்டுத் தொடும் இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

கோளாறு கிடைத்துச் சரிசெய்த பிறகு, வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, மறுநாள் காலை சார்ஜர் உதவியில்லாமல் போட்டுப் பாருங்கள். எத்தனை நொடியில் பிடித்தது, சுற்றும்போது பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது, கம்ப்ரஷன் எவ்வளவு என்று ஒரு சின்னத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வண்டி தகராறு செய்தால் முதலில் ஒப்பிட வேண்டியது அந்த எண்களோடுதான்.